வக்கீலாவதற்கு முந்தைய நான்கு வருடங்கள்

அமெரிக்காவில் மருத்துவம் படிக்க நினைக்கும் கல்லூரி மாணவருக்கு ஆரம்பத்திலேயே ஒரு பட்டியல் கிடைத்துவிடும். உயிரியல், பொது வேதியியல், கரிம வேதியியல், இயற்பியல், எல்லாம் லேப்புடன். சட்டம் படிக்க நினைப்பவருக்கு அப்படி ஒரு பட்டியலே கிடையாது. சட்டக் கல்லூரிகளுக்கு அங்கீகாரம் வழங்கும் அமெரிக்க பார் அசோசியேஷன், இன்ன பாடத்தை மேஜராக (முதன்மைப் பாடமாக) எடுங்கள் என்று பரிந்துரைப்பதில்லை. அதை வெளிப்படையாகவே சொல்லியும் இருக்கிறது. அதன் அங்கீகாரம் பெற்ற ஏறக்குறைய 200 கல்லூரிகள் கேட்பதெல்லாம் ஏதாவது ஒரு துறையில் இளநிலைப் பட்டம். இசை, புவியியல், கணக்கியல், கம்ப்யூட்டர், எதுவாக இருந்தாலும் சரி.

இந்தத் தாராளத்தைப் பார்த்துவிட்டு, தயாரிப்பு என்று தனியாக ஒன்றும் வேண்டாம் போலிருக்கிறது என்று இருந்துவிடுபவர்கள் உண்டு. பதற்றத்தில் 'ப்ரீ லா' என்று பெயர் ஒட்டிய எதையாவது எடுத்துக்கொள்பவர்களும் உண்டு. இரண்டு பேருக்குமே பின்னால் சிரமம். பாடம் விஷயத்தில் கண்டுகொள்ளாமல் விடும் இதே அமைப்பு, மதிப்பெண்ணிலும் பணத்திலும் பைசா விடாமல் கணக்குப் பார்க்கிறது. முதலாமாண்டு மாணவருக்கு இந்த இரண்டாவது முகம் தெரிவதில்லை. தெரியும்போது மூன்றாமாண்டு முடிந்திருக்கும்.

இந்த விசித்திரமான கலவை எப்படி வந்தது? அமெரிக்காவில் சட்டம் நெடுங்காலம் ஒரு சீனியரிடம் இருந்து கற்றுக்கொள்ளும் தொழிலாகத்தான் இருந்தது. ஆபிரகாம் லிங்கன் எந்தச் சட்டக் கல்லூரிக்கும் போனதில்லை. தானாகப் புத்தகங்களைப் படித்து 1836-இல் வக்கீல் உரிமம் வாங்கினார். கலிபோர்னியா, வெர்ஜீனியா, வெர்மான்ட், வாஷிங்டன் ஆகிய மாநிலங்களில் இன்றும் ஒரு வக்கீலிடமோ நீதிபதியிடமோ பயிற்சி பெற்று, கல்லூரிக்குப் போகாமலே வக்கீல் உரிமத்துக்கான பார் தேர்வு எழுதலாம். வெகு சிலர்தான் அந்த வழியில் போகிறார்கள்.

மாற்றம் 1870-இல் தொடங்கியது. அந்த வருடம் ஹார்வர்டு சட்டக் கல்லூரியின் டீன் ஆன கிறிஸ்டோபர் கொலம்பஸ் லாங்டெல், விதிகளை மனப்பாடம் செய்ய வைப்பதற்குப் பதிலாக, நீதிமன்றத் தீர்ப்புகளை மாணவர்களே படித்து விதியைத் தோண்டி எடுக்கும் முறையைக் கொண்டுவந்தார். வகுப்பில் பேராசிரியர் பாடம் நடத்த மாட்டார், கேள்வி கேட்பார். அந்த முறை நாடு முழுக்கப் பரவியது. அதற்குக் கொஞ்சம் முதிர்ச்சியும் நல்ல வாசிப்பும் தேவைப்பட்டன. 1921-இல் பார் அசோசியேஷன், சட்டக் கல்லூரியில் சேர இரண்டு வருடக் கல்லூரிப் படிப்பாவது வேண்டும் என்ற தரத்தை முன்வைத்தது. பிறகு அது படிப்படியாக முழுப் பட்டமாக வளர்ந்தது. எல்எல்பி என்று இருந்த பட்டத்தின் பெயரைப் பெரும்பாலான கல்லூரிகள் 1960-களில் ஜேடி (ஜூரிஸ் டாக்டர்) என்று மாற்றின.

இந்தியாவில் இரண்டு வழிகள் இருக்கின்றன. பெங்களூரு தேசியச் சட்டப் பள்ளி பிரபலமாக்கிய, பிளஸ் டூ முடித்ததும் சேரும் ஐந்து வருடப் படிப்பு ஒன்று. பட்டம் முடித்தபின் சேரும் மூன்று வருடப் படிப்பு இன்னொன்று. அமெரிக்காவில் இரண்டாவது மட்டும்தான். சில பல்கலைக்கழகங்கள் 'மூன்று கூட்டல் மூன்று' என்ற திட்டத்தில் ஒரு வருடத்தை மிச்சப்படுத்தித் தருகின்றன. மூன்றாமாண்டு முடிந்ததும் சட்டக் கல்லூரிக்குள் நுழைந்துவிடலாம். பதினெட்டு வயதிலேயே மனதில் உறுதியாக இருப்பவருக்கு அது லாபம். எத்தனை பேர் அப்படி இருக்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

எந்த மேஜர்?

பெற்றோர் முதலில் கேட்பது இதைத்தான். விண்ணப்பிப்பவர்களில் அதிகம் பேர் அரசியல் அறிவியல் படித்தவர்கள். ஆனால் உச்ச நீதிமன்றத்தில் உட்கார்ந்தவர்களைப் பாருங்கள். தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ் வரலாறு. கிளாரன்ஸ் தாமஸும் ஏமி கோனி பேரட்டும் ஆங்கில இலக்கியம். ஓய்வு பெற்ற ஸ்டீபன் பிரேயர் தத்துவம். கருக்கலைப்பு உரிமை பற்றிய 1973-ஆம் ஆண்டின் ரோ எதிர் வேட் தீர்ப்பை எழுதிய ஹாரி பிளாக்மன் ஹார்வர்டில் கணிதம் படித்தவர்.

எல்சாட் என்ற நுழைவுத் தேர்வில் கணிதம், இயற்பியல், பொருளாதாரம், தத்துவம் படித்தவர்களின் சராசரி உயரத்திலும், ப்ரீ லா, குற்றவியல் நீதி போன்ற மேஜர்களின் சராசரி தாழ்வாகவும் இருப்பது பல வருடங்களாகக் காணப்படும் போக்கு. இதை வைத்துக்கொண்டு தத்துவம் படித்தால் மதிப்பெண் கூடும் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. சிக்கலான வாதங்களில் ஏற்கெனவே ஈடுபாடு உள்ளவர்கள்தான் தத்துவத்தை எடுக்கிறார்கள் என்பதும் காரணமாக இருக்கலாம். இப்படி ஒரு முடிவைக் கேட்டதும் 'வேறு காரணம் இருக்கிறதா' என்று தேடும் பழக்கத்தைத்தான் எல்சாட் சோதிக்கிறது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

என் அபிப்பிராயத்தில் மேஜரைப் பற்றிக் கேட்க வேண்டியவை இரண்டுதான். அதில் நல்ல மதிப்பெண் வாங்க முடியுமா? அது நிறைய எழுத வைக்குமா? இரண்டாவதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். நான்கு வருடமும் டிக் அடிக்கும் தேர்வுகளையே எழுதிய மாணவர், பதினைந்து பக்கக் கட்டுரை ஒன்றை எழுதி, பேராசிரியர் சிவப்பு மையில் கிழித்துத் தந்ததைத் திருத்தி மறுபடி எழுதிய அனுபவம் இல்லாமல் சட்டக் கல்லூரிக்குப் போனால், முதல் செமஸ்டரில் தடுமாறுவார். மேஜர் எதுவானாலும் ஒவ்வொரு வருடமும் கட்டுரை கேட்கும் வகுப்பு ஒன்றாவது இருக்கட்டும். புள்ளியியல் ஒரு கோர்ஸ், கணக்கியல் அடிப்படை ஒரு கோர்ஸ் சேர்த்துக்கொண்டால் இன்னும் நல்லது. கம்பெனி வழக்குகளில் பேலன்ஸ் ஷீட்டைப் படிக்கத் தெரியாத இளம் வக்கீல் ரொம்ப அவஸ்தைப்படுவார்.

இன்ஜினியரிங் படிக்கும் பிள்ளைகள் நம்மவர் வீடுகளில் அதிகம் என்பதால் இதையும் சொல்ல வேண்டும். அமெரிக்கக் காப்புரிமை அலுவலகத்தின் முன் வாதாட ஒரு தனித் தேர்வு உண்டு. பேச்சு வழக்கில் பேட்டன்ட் பார். அதை எழுத அறிவியல் அல்லது பொறியியல் பின்னணி கட்டாயம். சட்டப் பட்டம் கூட வேண்டாம். தேறியவர் பேட்டன்ட் ஏஜென்ட் ஆக வேலை பார்க்கலாம். ஆங்கில இலக்கியம் படித்த வக்கீல் எத்தனை கெட்டிக்காரராக இருந்தாலும் இந்தக் கதவு அவருக்குத் திறக்காது. எலெக்ட்ரிக்கல், கம்ப்யூட்டர், பயோடெக் படித்தவர்களுக்குச் சட்டத்தில் இது தனி ராஜபாட்டை. ஆனால் அதற்கு ஒரு விலை இருக்கிறது. அது அடுத்த பகுதியில்.

இரண்டு எண்கள்

சட்டக் கல்லூரி விண்ணப்பங்கள் எல்லாம் எல்எஸ்ஏசி என்ற ஒரே மன்றத்தின் வழியாகப் போகின்றன. எல்சாட் தேர்வை நடத்துவதும் அதுதான். உங்கள் டிரான்ஸ்கிரிப்டை (மதிப்பெண் பட்டியலை) வாங்கி, உங்கள் கல்லூரி போட்ட ஜிபிஏவை, அதாவது பெரும்பாலும் நான்குக்குக் கணக்கிடும் சராசரி மதிப்பெண்ணை, ஓரமாக வைத்துவிட்டு, தன் விதிகளின்படி புதிதாக ஒரு ஜிபிஏ கணக்கிடுகிறது. அந்த விதிகளைப் பதினெட்டு வயதிலேயே தெரிந்துகொண்டால் பிழைத்தீர்கள்.

முதல் பட்டம் வாங்கும் வரை எடுத்த எல்லாக் கல்லூரிப் பாடங்களும் கணக்கில் வரும். உயர்நிலைப் பள்ளியில் இருக்கும்போதே பக்கத்துக் கம்யூனிட்டி காலேஜில் எடுத்த பாடம் உட்பட. பதினாறு வயதில் விளையாட்டாக எடுத்த கால்குலஸில் சி வாங்கியிருந்தால் அதுவும் வந்து நிற்கும். தோற்ற பாடத்தை மறுபடி எடுத்தால் பழைய மதிப்பெண்ணைத் துடைத்துவிடும் கல்லூரிகள் உண்டு. எல்எஸ்ஏசி, டிரான்ஸ்கிரிப்டில் தெரியும்வரை இரண்டையும் சேர்த்தே எண்ணும். ஏ ப்ளஸ் தரும் பல்கலைக்கழகத்தில் படித்தால் அதற்கு 4.33 கிடைக்கும். பட்டம் முடித்த பின் எம்எஸ்ஸில் எத்தனை பிரமாதமாகச் செய்தாலும் இந்த எண் அசையாது. பேட்டன்ட் ராஜபாட்டையின் விலை இதுதான்: இன்ஜினியரிங் கடினம் என்று சொல்லி எல்எஸ்ஏசி கூடுதலாக ஒரு புள்ளி கூடத் தராது. 3.3 என்றால் 3.3. அட்மிஷன் அலுவலர்கள் பாடத்தின் கடினத்தைக் கவனிப்பார்கள்தான்; ஆனால் அவர்கள் வெளியே காட்ட வேண்டிய எண்ணில் அந்தக் கவனிப்பு தெரியாது.

வெளியே காட்ட வேண்டிய எண் என்ன? இங்கேதான் முழு அமைப்பின் சூட்சுமம் இருக்கிறது. ஒவ்வொரு கல்லூரியும் புதிதாகச் சேர்ந்த மாணவர்களின் இடைநிலை ஜிபிஏவையும் இடைநிலை எல்சாட் மதிப்பெண்ணையும் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். எல்லோரையும் வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்பவரின் மதிப்பெண்தான் இடைநிலை. தரவரிசைப் பட்டியல்கள் அதைப் பார்க்கின்றன. 2022 நவம்பரில் யேலும் ஹார்வர்டும் யுஎஸ் நியூஸ் தரவரிசைக்கு ஒத்துழைக்க மாட்டோம் என்று அறிவித்த பிறகு அந்தப் பத்திரிகை இந்த எண்களின் எடையைக் குறைத்தது. ஆனாலும் கல்லூரிகளின் பழக்கம் மாறவில்லை.

ஒரு கல்லூரி எல்சாட்டில் 165-ஐ இடைநிலையாக வைத்துக்கொள்ள விரும்புகிறது என்று வைத்துக்கொள்வோம். 164 வாங்கியவரும் 158 வாங்கியவரும் அந்தக் கணக்கில் ஒன்றுதான். இருவருமே கோட்டுக்குக் கீழே. 166 வாங்கியவர் கோட்டுக்கு மேலே. இரண்டே மதிப்பெண் வித்தியாசத்தில் ஒருவருக்கு இடம் கூடக் கிடைக்காமல் போகலாம், இன்னொருவருக்குப் பாதிக் கட்டணத்துக்கு உதவித்தொகை கிடைக்கலாம். ஜிபிஏ கோட்டுக்குக் கீழேயும் எல்சாட் மேலேயும் உள்ளவர்களை ஸ்ப்ளிட்டர் என்று அழைக்கிறார்கள். மதிப்பெண் சரிந்த இன்ஜினியர்களில் பலர் இந்த வகையில்தான் உள்ளே போகிறார்கள். இதைத் தெரிந்துகொண்ட பிறகு, இன்னும் மூன்று மாதம் எல்சாட்டுக்குப் படிப்பதா, இன்னொரு கிளப்பில் செயலாளர் பதவி வாங்குவதா என்ற கேள்விக்குப் பதில் தானாக வந்துவிடும்.

இந்தியாவிலேயே இளநிலைப் பட்டம் முடித்துவிட்டு விண்ணப்பிப்பவர்களின் நிலைமை வேறு. வெளிநாட்டு மதிப்பெண்களை எல்எஸ்ஏசி ஜிபிஏவாக மாற்றுவதில்லை. சராசரிக்கு மேல், மிகச் சிறப்பு என்பது போன்ற ஒரு மதிப்பீட்டை மட்டும் இணைக்கிறது. அவர்கள் கையில் இருக்கும் எண் எல்சாட் ஒன்றுதான் என்பதால் அதன் எடை கூடிவிடுகிறது. ஏற்கெனவே இந்தியாவில் சட்டம் படித்து வக்கீலாக இருப்பவர்கள் பெரும்பாலும் இந்த ஜேடி பக்கம் போகாமல், ஒரு வருட எல்எல்எம் படித்து நியூயார்க் பார் தேர்வு எழுதும் வழியைப் பார்க்கிறார்கள்.

சரி, எல்சாட் என்னதான் கேட்கிறது? 1948-இல் தொடங்கிய தேர்வு. மதிப்பெண் 120-இல் தொடங்கி 180-இல் முடியும். 2024 ஜூன் வரை இதில் 'லாஜிக் கேம்ஸ்' என்றொரு பகுதி இருந்தது; ஆறு பேர் எந்த வரிசையில் உட்காருவார்கள் என்ற மாதிரியான புதிர்கள். படம் வரைந்துதான் பெரும்பாலோர் அவற்றைப் போடுவார்கள். பார்வையற்ற ஒருவர் தொடுத்த வழக்கில் 2019-இல் ஏற்பட்ட சமரசத்தைத் தொடர்ந்து அந்தப் பகுதி நீக்கப்பட்டது. இப்போது மதிப்பெண் உள்ள பகுதிகள் மூன்று: தர்க்கம் இரண்டு, வாசிப்பு ஒன்று. ஒவ்வொன்றும் 35 நிமிடம். மதிப்பெண் இல்லாத சோதனைப் பகுதி ஒன்றும் ஊடே வரும். எது அது என்று எழுதும்போது தெரியாது. பழைய புத்தகங்களை அண்ணனிடம் இருந்தோ அக்காவிடம் இருந்தோ வாங்கிப் படிப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

தர்க்கக் கேள்வி இப்படி இருக்கும்: 'நகரச் சாலைகளில் கேமரா பொருத்திய அடுத்த வருடம் திருட்டு குறைந்தது. ஆகவே எல்லா நகரங்களும் கேமரா பொருத்தினால் திருட்டு குறையும். இந்த வாதத்தைப் பலவீனப்படுத்துவது எது?' விடைகளில் ஒன்று, கேமராக்களின் விலை அதிகம் என்று சொல்லும். உண்மைதான், ஆனால் வாதத்தைத் தொடவில்லை. இன்னொன்று, அதே வருடம் அந்த நகரத்தில் போலீஸ் எண்ணிக்கை இரட்டிப்பானது என்று சொல்லும். அதுதான் விடை. சட்டம் எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. இதில் கடைசி நேர மனப்பாடத்துக்கு வேலையே இல்லை. ஒரு கேள்வி ஏன் தப்பாயிற்று என்று உட்கார்ந்து பார்ப்பதற்குத்தான் நேரம் போகும். எல்எஸ்ஏசியின் லாஹப் தளத்தில் சில முழு மாதிரித் தேர்வுகள் இலவசமாகவே கிடைக்கின்றன. வாழ்நாளில் ஏழு முறைக்கு மேல் இந்தத் தேர்வை எழுத முடியாது என்பதால் 'சும்மா ஒரு தடவை எழுதிப் பார்ப்போம்' என்ற யோசனை நல்லதல்ல. சும்மா எழுதிப் பார்க்கத்தான் மாதிரித் தேர்வு. அரிசோனா பல்கலைக்கழகம் 2016-இல் தொடங்கி வைத்த பிறகு பல கல்லூரிகள், மற்ற முதுகலைப் படிப்புகளுக்கான ஜிஆர்இ தேர்வையும் ஏற்கின்றன. இருந்தாலும் சட்டத்துக்கு மட்டும் விண்ணப்பிப்பவருக்கு எல்சாட்தான் உசிதம்.

ஒரு வழக்கைப் படித்துப் பாருங்கள்

சட்டக் கல்லூரி தனக்குப் பிடிக்குமா என்று தெரிந்துகொள்ள மலிவான வழி ஒன்று இருக்கிறது. பால்ஸ்கிராஃப் எதிர் லாங் ஐலண்ட் ரயில்ரோடு என்ற 1928-ஆம் ஆண்டுத் தீர்ப்பை எடுத்துப் படியுங்கள். சில பக்கங்கள்தான். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். அமெரிக்காவில் சட்டம் படித்த யாரைக் கேட்டாலும் இந்த வழக்கு தெரியும்.

நகரத் தொடங்கிவிட்ட ரயிலில் ஒருவர் ஓடிவந்து ஏறுகிறார். ஊழியர்கள் கைகொடுத்து ஏற்றிவிடும்போது அவர் கையில் இருந்த பொட்டலம் விழுகிறது. உள்ளே பட்டாசு. அது வெடிக்க, பிளாட்பாரத்தில் தள்ளியிருந்த எடை இயந்திரம் சரிந்து ஒரு பெண்மணி காயப்படுகிறார். ரயில்வே அவருக்கு நஷ்டஈடு தர வேண்டுமா? நியூயார்க்கின் உயர்ந்த நீதிமன்றம் நாலுக்கு மூன்று என்ற கணக்கில், வேண்டாம் என்றது. தலைமை நீதிபதி கார்டோஸோ, அந்தப் பெண்மணிக்குத் தீங்கு வரும் என்று ஊழியர்களால் முன்கூட்டியே ஊகித்திருக்க முடியாது, ஆகவே அவர்பால் கவனமாக இருக்கும் கடமையே எழவில்லை என்றார். நீதிபதி ஆண்ட்ரூஸ் மறுத்தார்: கவனமாக இருக்கும் கடமை உலகத்துக்கே உரியது, அதன் விளைவுகளை எந்த இடத்தில் நிறுத்துவது என்பதுதான் பிரச்சினை என்றார்.

படித்து முடித்ததும், முதலில் கார்டோஸோ சொன்னது சரி என்று தோன்றி, அப்புறம் ஆண்ட்ரூஸ் சொன்னதும் சரி என்று தோன்றி, அந்தக் குழப்பத்தில் உங்களுக்கு ஒரு சுகம் இருந்தால் மூன்று வருடம் ஓட்டிவிடலாம். 'முடிவை மட்டும் சொல்லுங்கப்பா' என்று எரிச்சல் வந்தால் கொஞ்சம் யோசியுங்கள். முதலாமாண்டில் ஒப்பந்தச் சட்டம், தீங்கியல் (பிறருக்கு விளைவித்த தீங்குக்கான நஷ்டஈட்டுச் சட்டம்), சொத்துச் சட்டம், உரிமையியல் நடைமுறை, குற்றவியல் என்று எல்லாப் பாடமும் இப்படித்தான் போகும். செமஸ்டர் முடிவில் பெரும்பாலும் ஒரே தேர்வு. ஒரு கற்பனைச் சம்பவத்தைத் தந்து, இதில் என்னென்ன சட்டப் பிரச்சினைகள் என்று கேட்பார்கள். மாடிக்கு ஃபிரிட்ஜ் ஏற்றும்போது கயிறு அறுந்து, நிறுத்தக் கூடாத இடத்தில் நின்ற காரின் மேல் விழுகிறது. உதவிக்கு ஓடிவந்த வழிப்போக்கருக்குக் கை முறிகிறது. கயிறு பிடித்தவரின் அலட்சியம், அவர் முதலாளியின் பொறுப்பு, கார்க்காரரின் பங்குத் தவறு, காப்பாற்ற வந்தவரின் உரிமை. ஒவ்வொன்றுக்கும் இரண்டு பக்கமும் வாதிட வேண்டும். மதிப்பெண் சக மாணவர்களோடு ஒப்பிட்டுத் தரப்படும். பெரிய சட்ட நிறுவனங்கள் கோடைகால வேலைக்கு ஆளெடுப்பதை இப்போது முதலாமாண்டுக்கே தள்ளிக்கொண்டு வந்துவிட்டதால், முதல் செமஸ்டர் மதிப்பெண்ணுக்கு அளவுக்கு மீறிய மவுசு. அங்கே போய் எழுதப் பழகிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட இடமில்லை.

கோர்ட்டு வாசல் வரை

ரெஸ்யூமேயை நிரப்புவதற்காகச் செய்யும் காரியங்கள் பற்றி எனக்கு உற்சாகம் குறைவு. அட்மிஷன் முடிவில் அவற்றின் பங்கு சிறியது. ஆனால் இந்த வேலை நமக்கு ஆகுமா என்று பார்ப்பதற்கு அனுபவத்தைப் போல வேறொன்று இல்லை. பல கல்லூரிகளில் மாக் ட்ரையல் அணிகள் உண்டு. 1985 முதல் நடந்துவரும் தேசியப் போட்டியில் ஆகஸ்ட் மாதம் ஒரு கற்பனை வழக்கைத் தருவார்கள். மாணவர்களே வக்கீலாகவும் சாட்சியாகவும் மாறி வருடம் முழுக்க அதை நடத்துவார்கள். குறுக்கு விசாரணையில் 'ஆம், இல்லை' என்று மட்டும் பதில் வரும்படி கேள்வி அமைக்கக் கற்றுக்கொள்வது வாழ்நாள் முழுக்கப் பயன்படும், வீட்டில் சண்டை வந்தாலொழிய.

நீதிமன்றங்கள் பொதுவாகப் பொதுமக்களுக்குத் திறந்தவை. மன்ஹாட்டனில் இரவு நேரக் குற்றவியல் நீதிமன்றம் நள்ளிரவு 1 மணி வரை நடக்கும். யார் வேண்டுமானாலும் போய் உட்காரலாம். ஒரு மாலை அங்கே இருந்தால், ஒரு வழக்குக்குச் சில நிமிடங்கள்தான் கிடைக்கின்றன என்பது தெரியும். 1963-இல் கிடியன் எதிர் வெய்ன்ரைட் வழக்கின் தீர்ப்பு வந்தபிறகு, கடுமையான குற்றம் சாட்டப்பட்ட ஏழைகளுக்கு அரசே வக்கீல் தர வேண்டும். அப்படி வாதாடும் பப்ளிக் டிஃபெண்டர் அலுவலகங்களில் சில, கல்லூரி மாணவர்களைப் புலனாய்வுப் பயிற்சிக்கு எடுக்கின்றன. வாஷிங்டன் டிசியில் உள்ளது அதில் பெயர் பெற்றது. சாட்சியைத் தேடிப் போவது, சம்பவ இடத்தைப் படம் எடுப்பது, வாக்குமூலம் வாங்குவது எல்லாம் மாணவர்கள் வேலை.

பட்டம் முடிந்த கையோடு போக வேண்டும் என்பதும் இல்லை. ஹார்வர்டு உள்ளிட்ட பெரிய கல்லூரிகளில் சேர்பவர்களில் பெரும்பான்மையோர் குறைந்தது ஒரு வருடமாவது வெளியே இருந்துவிட்டு வருபவர்கள். சட்ட நிறுவனத்தில் வக்கீல்களுக்கு உதவும் பாராலீகல் வேலை, பள்ளியில் ஆசிரியர் வேலை, ஏதோ ஒரு கம்பெனி. இடைவெளி விட்டால் படிப்பு போய்விடும் என்ற பயம் நம் குடும்பங்களில் ஆழமாக இருக்கிறது. இந்த ஒரு படிப்பில் அந்தப் பயத்தைத் தளர்த்திக்கொள்ளலாம். நான்காமாண்டு மதிப்பெண்ணும் கணக்கில் சேரும், எல்சாட்டுக்கு நிம்மதியாக நேரம் கிடைக்கும், கொஞ்சம் காசும் சேரும்.

பரிந்துரைக் கடிதம் இரண்டு மூன்று வேண்டும். முந்நூறு பேர் வகுப்பில் ஏ வாங்கினால் அந்தப் பேராசிரியரால் 'இவர் ஏ வாங்கினார்' என்று மட்டுமே எழுத முடியும். பதினைந்து பேர் செமினாரில் உங்கள் கட்டுரையை இரண்டு முறை திருத்திய பேராசிரியர் ஒரு பக்கம் எழுதுவார். அவரது அலுவலக நேரத்தில் போய்ப் பேசக் கூச்சப்படுவது, அடக்கமாக வளர்க்கப்பட்ட பிள்ளைகளுக்கு இங்கே நஷ்டம். பெர்சனல் ஸ்டேட்மெண்ட் என்ற இரண்டு பக்கக் கட்டுரையும் உண்டு. சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுப்பதை உச்ச நீதிமன்றம் 2023 ஜூனில் தடை செய்தது. ஆனால் இனம் தன் வாழ்வை எப்படிப் பாதித்தது என்று மாணவர் எழுதுவதை அதே தீர்ப்பு அனுமதிக்கிறது. பல கல்லூரிகள் கட்டுரைக் கேள்விகளை அதற்கேற்ப மாற்றின. 'அம்மா அப்பா கஷ்டப்பட்டு வந்தார்கள்' என்ற கதையை எல்லோரும் எழுதுகிறார்கள் என்பதையும் நினைவில் வைக்கலாம். அதில் நீங்கள் என்ன செய்தீர்கள் என்பது வந்தால் கதை நிற்கும்.

பணம்

இதைக் கடைசியில் வைத்தாலும் முடிவெடுக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது இதுதான். முன்னணித் தனியார் கல்லூரிகளில் கட்டணம் மட்டும் வருடத்துக்கு 70,000 டாலரைத் தாண்டுகிறது. பெரிய நகரங்களில் தங்கும் செலவையும் சேர்த்தால் மூன்று வருடத்துக்கு 3,00,000 டாலருக்கு மேல். முன்பு கிராட் ப்ளஸ் என்ற அரசுக் கடன் முழுச் செலவையும் ஈடுகட்டியது. 2025 ஜூலையில் கையெழுத்தான சட்டம் அதை நிறுத்தியது: 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்குவோருக்கு, தொழிற்படிப்புகளில் வருடம் 50,000, மொத்தம் 2,00,000 டாலர் என்று உச்சவரம்பு. மிச்சத்துக்குத் தனியார் வங்கிதான். வெளிநாட்டு மாணவர்களுக்கு அரசுக் கடன் முதலிலிருந்தே கிடையாது.

திருப்பிக் கட்டும் சக்தி எங்கிருந்து வரும்? அமெரிக்க வக்கீல்களின் ஆரம்பச் சம்பளம் ஒரே மேடாக இருக்காது. இரண்டு திமில் உள்ள ஒட்டகம் மாதிரி. பெரிய நிறுவனங்களில் முதல் வருடமே 2,25,000 டாலர். அரசு வக்கீல், சட்ட உதவி மையம், சிறு அலுவலகம் என்றால் பெரும்பாலும் 60,000, 70,000 டாலர் அளவில். நடுவில் இருப்பவர்கள் குறைவு. 'வக்கீல்களின் சராசரி சம்பளம் இவ்வளவு' என்ற வரியை நம்பிக் கடன் வாங்குபவர், வெகு சிலருக்கே கிடைக்கும் சம்பளத்தை நம்புகிறார். பொதுச் சேவையில் இருப்பவர்களுக்கு 2007-இல் வந்த ஒரு திட்டம் உண்டு: 120 மாதத் தவணை கட்டினால் மீதி அரசுக் கடன் தள்ளுபடி. தனியார் வங்கிக் கடனுக்கு அது பொருந்தாது.

இதில் மாணவருக்கு உதவும் ஆயுதம் ஒன்று, யாரும் அதிகம் பேசாதது. அங்கீகாரம் பெற்ற ஒவ்வொரு கல்லூரியும் 'ஸ்டாண்டர்ட் 509' என்ற அறிக்கையை வருடாவருடம் வெளியிட வேண்டும். எத்தனை பேருக்கு உதவித்தொகை, எவ்வளவு, எத்தனை பேர் அதை இழந்தார்கள் எல்லாம் அதில் இருக்கும். இழப்பதா என்று கேட்கலாம். சில கல்லூரிகள், குறிப்பிட்ட ஜிபிஏவைக் காத்தால்தான் உதவித்தொகை தொடரும் என்று நிபந்தனை போடும். எல்லோரும் உழைத்தாலும் ஒப்பீட்டு மதிப்பெண் முறையில் ஒரு பகுதியினர் கீழே விழுந்தே தீர வேண்டும். நிபந்தனை உதவித்தொகையைக் கையில் வாங்கும் முன் அந்தக் கட்டத்தைப் பார்த்துவிட வேண்டும். பட்டம் வாங்கிய பத்து மாதத்தில் எத்தனை பேர் வக்கீல் உரிமம் தேவைப்படும் முழுநேர வேலையில் இருக்கிறார்கள் என்பதற்குத் தனி அறிக்கை உண்டு. பார் தேர்வு எழுதிய பட்டதாரிகளில் 75 சதவீதம் பேராவது பட்டம் வாங்கிய இரண்டு வருடத்துக்குள் அதில் தேற வேண்டும் என்பது அங்கீகார விதி. அந்தக் கோட்டை ஒட்டி நிற்கும் கல்லூரிக்கு முழுக் கட்டணம் தருவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

பார் தேர்வே மாறிக்கொண்டிருக்கிறது. 2026 ஜூலையில் தொடங்கி மாநிலம் மாநிலமாக 'நெக்ஸ்ட்ஜென்' என்ற புதிய தேர்வு வருகிறது. மனப்பாடம் குறைவு, கட்சிக்காரரிடம் பேசுவது, ஆவணங்களை ஆராய்வது போன்ற திறன்கள் அதிகம்.

தேர்வில் தேறினாலும் ஒரு படி மிச்சம் இருக்கிறது. ஒழுக்கமும் தகுதியும் பற்றிய விசாரணை. சட்டக் கல்லூரி விண்ணப்பத்திலேயே கல்லூரியில் ஒழுங்கு நடவடிக்கை உண்டா, கைதானதுண்டா என்று கேட்பார்கள். விடுதியில் பீர் பிடிபட்டதற்கு வந்த எச்சரிக்கைக் கடிதம் போன்ற சின்ன விஷயங்களை மறைக்கும் ஆசை வரும். மூன்று வருடம் கழித்து மாநில பார் குழு அதே கேள்விகளை இன்னும் விரிவாகக் கேட்டு, பழைய விண்ணப்பத்தையும் வரவழைத்து ஒப்பிடும். பீர் பெரும்பாலும் மன்னிக்கப்படும்; இரண்டு விண்ணப்பங்களில் இரண்டு பதில் இருந்தால் உரிமம் தாமதமாகலாம், கிடைக்காமலும் போகலாம். அனுப்பிய விண்ணப்பம் ஒவ்வொன்றின் நகலையும் வைத்துக்கொள்ளுங்கள். முகவரிகள், பார்த்த வேலைகள், வாகன அபராதங்கள் எல்லாவற்றுக்கும் தேதியோடு ஒரு கோப்பு இருந்தால், அந்தப் படிவத்தை நிரப்பும் வாரம் சுலபமாகப் போகும்.